லினக்ஸில் அடாப்டிவ் சிங்க் தகராறு: மானிட்டர் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்

புது மானிட்டர், 144 ஹெர்ட்ஸ். லினக்ஸ் ஏற்றியாகிவிட்டது. கேமைத் திறந்து கேமராவை வேகமாகத் திருப்பினால் படம் குறுக்கே கிழிந்தது போல ஒரு கோடு தெரிகிறது. இன்னொருவர் வீட்டில் கிழிசல் இல்லை, ஓட்டம்தான் திக்கித் திக்கி வருகிறது. மூன்றாமவருக்கு இரண்டும் இல்லை, ஆனால் இருட்டான காட்சி வந்தால் திரை முழுக்க மினுக்குகிறது. மூன்றையும் "அடாப்டிவ் சிங்க் சரியில்லை" என்றுதான் சொல்லுகிறோம். கிராஃபிக்ஸ் கார்டு படம் தரும் வேகத்துக்கேற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதிதான் அடாப்டிவ் சிங்க். உண்மையில் மூன்றும் வேறு வேறு இடத்தில் பிறக்கும் கோளாறுகள். முதலாவது பெரும்பாலும் அடாப்டிவ் சிங்க் ஓடவே இல்லை என்பதன் அடையாளம். இரண்டாவது, ஓடுகிறது, ஆனால் அதன் எல்லைக்கு வெளியே கேம் போய்விடுகிறது. மூன்றாவது, நன்றாக ஓடுவதால் வருவது!

முதன்முறை இதில் மாட்டியபோது எனக்கு இந்த வேறுபாடு தெரியாது. பழைய 27 அங்குல மானிட்டர் ஒன்றைக் கைமாற்றி வாங்கியிருந்தேன். டிரைவரை மாற்றினேன், லினக்ஸின் மையமான கெர்னலை மாற்றினேன், கடைசியில் லினக்ஸையே புதிதாக ஏற்றினேன். இரண்டு மாலைப்பொழுது அதிலேயே போனது. கடைசியில் மானிட்டரின் பின்பக்கப் பொத்தானை அழுத்தி மெனுவைத் திறந்தபோதுதான், அங்கே அந்த வசதி அணைந்தே கிடந்ததைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை மானிட்டரிலிருந்து தொடங்குகிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் மாடித் தொட்டியைத்தானே பார்ப்போம். அப்புறம்தான் வால்வு, குழாய், டேப். இங்கேயும் அதே வரிசை: மானிட்டர், கேபிள், டிரைவர், டெஸ்க்டாப், கடைசியில் கேம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதலில் ஒரு நிமிடம், இது என்னதான் செய்கிறது

சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை திரையைப் புதுப்பிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு படத்தை முடித்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கார்டுக்கு ஒரு படம் வரைய 20 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். வரைந்ததை உடனே அனுப்பினால் திரையில் பாதி பழைய படம், பாதி புதுப் படம்: அதுதான் கிழிசல். அடுத்த முறைக்காகக் காத்திருந்தால் பழைய படமே 33 மில்லிநொடி நிற்கும்: அதுதான் திக்கல்.

அடாப்டிவ் சிங்க் இருந்தால் மானிட்டர் கார்டுக்காகக் காத்திருக்கும். படம் 20 மில்லிநொடியில் வந்தால் அப்போது புதுப்பிக்கும், 12இல் வந்தால் 12இல். ஆனால் எவ்வளவு நேரமும் காத்திருக்க மானிட்டரால் முடியாது. ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு வீச்சு உண்டு; 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை, 48 முதல் 75 வரை என்பது போல. இந்த வீச்சு என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பாதித் தகராறுகளுக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

பெயர்கள் குழப்பும். என்விடியா 2013இல் ஜி-சிங்க் கொண்டுவந்தது. அதற்கு மானிட்டருக்குள்ளேயே தனிச் சில்லு வேண்டும். 2014இல் திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு டிஸ்பிளேபோர்ட் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ் சிங்க்கைப் பொது வசதியாகச் சேர்த்தது. அதன்மேல் ஏஎம்டி வைத்த பெயர்தான் ஃப்ரீசிங்க். 2019 ஜனவரியில் என்விடியாவும் அந்தப் பொது வசதியை ஏற்றுக்கொண்டு 'ஜி-சிங்க் கம்பாட்டிபிள்' என்றது. எச்டிஎம்ஐ 2.1 தரத்தில் விஆர்ஆர் என்ற பெயரில் தனியாக ஒன்று இருக்கிறது. ஆரம்பகால ஜி-சிங்க் சில்லு உள்ள மானிட்டர் கைமாற்றாகக் கிடைத்தால் மட்டும் கவனம்: அது என்விடியா கார்டோடு மட்டும்தான் பேசும். மற்றபடி பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

படி 1: மானிட்டர் மெனு

மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து 'ஃப்ரீசிங்க்', 'அடாப்டிவ் சிங்க்', 'விஆர்ஆர்' இவற்றில் எது இருந்தாலும் ஆன் செய்யுங்கள். பல மானிட்டர்களில் இது அணைந்த நிலையில்தான் வரும். 'கேமிங்' என்ற பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் 'பிக்சர்' பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

இது ஏன் முதல் படி? மானிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தை ஈடிஐடி என்ற சிறு குறிப்பாகக் கணினிக்கு அனுப்புகிறது. மெனுவில் இந்த வசதி அணைந்திருந்தால், அந்தக் குறிப்பிலேயே அது இருக்காது. லினக்ஸுக்கு இந்த மானிட்டரால் முடியும் என்ற செய்தியே போய்ச் சேராது. அப்புறம் கணினிப் பக்கத்தில் எதைத் திருப்பினாலும் பலன் இல்லை.

அதே மெனுவில் இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, டிஸ்பிளேபோர்ட் பதிப்பு. சில மானிட்டர்களில் 1.1, 1.2 என்று தேர்வு இருக்கும். 1.1இல் இருந்தால் அடாப்டிவ் சிங்க் வராது. இரண்டு, அசைவு மங்கலைக் குறைக்கும் வசதி. '1 எம்எஸ்', 'எம்பிஆர்டி' போன்ற பெயரில் இருக்கும். அது பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிய வைப்பது. பெரும்பாலான மானிட்டர்களில் இதுவும் அடாப்டிவ் சிங்க்கும் ஒன்றாக ஓடாது. அணைத்துவிடுங்கள்.

மாற்றியபின் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். புதுக் குறிப்பைக் கணினி படிக்கட்டும்.

படி 2: கேபிளும் துளையும்

டிஸ்பிளேபோர்ட் இருந்தால் டிஸ்பிளேபோர்ட்டையே பயன்படுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. எச்டிஎம்ஐ வழியிலும் சில சேர்க்கைகளில் ஓடும். ஃப்ரீசிங்க்குக்கு ஏஎம்டி எச்டிஎம்ஐ மேல் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறது, லினக்ஸ் டிரைவரும் அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் எச்டிஎம்ஐ 2.1 என்றால் கதை வேறு. ஏஎம்டியின் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 வசதிகளைச் சேர்க்கும் முயற்சியை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது. உழைப்பு முடிந்து கிடந்தும் உரிமக் கட்டுப்பாட்டால் பயனருக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அதனால் ஏஎம்டி கார்டும் 4கே டிவியும் வைத்துக்கொண்டு, விண்டோஸில் வந்த 120 ஹெர்ட்ஸும் விஆர்ஆரும் லினக்ஸில் வரவில்லை என்று தவித்தால், உங்கள் செட்டிங்ஸில் தவறு இருக்க வேண்டியதில்லை. என்விடியாவில் இந்த வேலை கார்டின் மூடிய ஃபர்ம்வேருக்குள் நடப்பதால் அங்கே இந்தத் தடை இல்லை.

எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற்றும் சிறு அடாப்டர்களை நடுவில் வைக்காதீர்கள். பலவும் இந்த வசதியைக் கடத்துவதில்லை. இன்னொன்று, புதிதாகக் கணினி கட்டுபவர்கள் அடிக்கடி செய்வது: கிராஃபிக்ஸ் கார்டை மாட்டிவிட்டு, கேபிளை மதர்போர்டில் இருக்கும் துளையில் செருகுவது. கணினிப் பெட்டியின் பின்னால் பாருங்கள். நெடுக்காக நிற்கும் துளைகள் மதர்போர்டுடையவை, கீழே படுக்கையாக வரிசையாக இருப்பவை கார்டுடையவை. பெரும்பாலான பெட்டிகளில் இப்படித்தான்.

வசதியை ஆன் செய்ததும் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்துக் கறுத்து வந்தால் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். செட்டிங்ஸில் 144ஐ 120 ஆகக் குறைத்துப் பாருங்கள். கறுப்பது நின்றால் கேபிளுக்கு அந்த வேகம் தாங்கவில்லை என்று அர்த்தம்; குட்டையான, நல்ல கேபிளாக மாற்றுங்கள். வசதியை ஆன் செய்த உடனே ஒரே ஒருமுறை ஒரு நொடி கறுப்பது கோளாறு இல்லை.

படி 3: எந்த டெஸ்க்டாப், எந்தப் பதிப்பு

லினக்ஸில் திரைக்குப் படம் அனுப்பும் வழி இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலேண்ட். அடாப்டிவ் சிங்க் வேண்டும் என்றால் வேலேண்டில் இருங்கள். எந்த வழியில் இருக்கிறீர்கள் என்று பார்ப்பது எளிது. கேடிஈ பிளாஸ்மாவும் க்னோமும் லினக்ஸில் பரவலான இரண்டு டெஸ்க்டாப்கள். கேடிஈ பிளாஸ்மாவில் 'அபவுட் திஸ் சிஸ்டம்' பக்கத்தில் 'கிராஃபிக்ஸ் பிளாட்ஃபார்ம்' என்ற வரி. க்னோமில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட், சிஸ்டம் டீடெய்ல்ஸ் என்று போனால் 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரி. எக்ஸ்11 என்று இருந்தால் லாக்அவுட் செய்து, கடவுச்சொல் கேட்கும் திரையில் இருக்கும் பற்சக்கரத்தையோ செஷன் பட்டியலையோ சொடுக்கி வேலேண்டைத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்11இல் முடியாதா? முடியும். ஏஎம்டிக்கு எக்ஸ் சர்வரின் கட்டமைப்புக் கோப்பில் 'வேரியபிள் ரிஃப்ரெஷ்' என்ற விருப்பத்தைக் கையால் எழுத வேண்டும். என்விடியாவுக்கு அதன் செட்டிங்ஸ் செயலியில் டிக் குறி இருக்கிறது. ஆனால் எக்ஸ்11 எல்லா மானிட்டரையும் சேர்த்து ஒரே பெரிய திரையாகப் பார்க்கிறது. முழுத்திரையையும் ஒரே சாளரம் மூடினால்தான் வசதி ஓடும். இரண்டாவது மானிட்டர் மாட்டினால் அதுவும் கெடும். புதிதாக வருபவர் இந்தப் பாடுபட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பதிப்புகளைப் பொறுத்தவரை: ஏஎம்டிக்கான அடாப்டிவ் சிங்க் ஆதரவு 2019 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் 5.0 முதல் இருக்கிறது. ஏஎம்டிக்குத் தனியாக டிரைவர் எதையும் தரவிறக்க வேண்டாம். கெர்னலோடு வருவதே சரியானது. இன்டெலில் 11ஆம் தலைமுறைச் சில்லுகள் முதல், கெர்னல் 5.12இலிருந்து. என்விடியாவில் பாஸ்கல் வரிசை, அதாவது ஜிடிஎக்ஸ் 10 தொடர் முதல்தான் பொது அடாப்டிவ் சிங்க் கிடைக்கும். அதற்கு என்விடியாவின் சொந்த டிரைவர் வேண்டும், முடிந்தவரை புதியது. கேடிஈ பிளாஸ்மா 2021 ஜூனில் வந்த 5.22 பதிப்பிலிருந்து தருகிறது. க்னோமில் 2024 மார்ச்சில் வந்த 46ஆம் பதிப்பில், சோதனை வசதி என்ற பெயரோடு வந்தது. டெபியன் 12 வைத்திருந்தால் அதிலிருப்பது க்னோம் 43; அங்கே தேடித் தேடிக் களைக்க வேண்டாம், இல்லவே இல்லை. உபுண்டு 24.04இலும் ஃபெடோரா 40இலும் க்னோம் 46 இருக்கிறது.

படி 4: ஸ்விட்சைப் போடுங்கள்

கேடிஈயில் சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்து டிஸ்பிளே பக்கத்துக்குப் போங்கள். 'அடாப்டிவ் சிங்க்' என்ற வரியில் மூன்று தேர்வுகள் இருக்கும்: நெவர், ஆட்டோமேட்டிக், ஆல்வேஸ். ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுங்கள். முழுத்திரையில் ஓடும் செயலிக்கு மட்டும் அது வசதியைத் திறக்கும். ஆல்வேஸ் ஏன் வேண்டாம் என்பதைக் கீழே சொல்லுகிறேன்.

இந்த வரியே காணவில்லையா? அதுவே நல்ல தடயம். மானிட்டரால் முடியும் என்று கெர்னல் சொன்னால்தான் கேடிஈ அந்த வரியைக் காட்டும். வரி இல்லை என்றால் டெஸ்க்டாப்பில் தேடாதீர்கள். படி 1, 2க்குத் திரும்புங்கள். வரி இருந்தும் கேமில் பலன் இல்லை என்றால் முன்னே போங்கள்.

க்னோம் 46இல் கொஞ்சம் சுற்றுவழி. 'டிகான்ஃப் எடிட்டர்' என்ற செயலியை நிறுவி, ஆர்க், க்னோம், மட்டர் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போங்கள். 'எக்ஸ்பெரிமென்டல் ஃபீச்சர்ஸ்' என்ற இடத்தில் 'வேரியபிள்-ரிஃப்ரெஷ்-ரேட்' என்பதைச் சேர்க்க வேண்டும். தட்டச்சு செய்வதானால் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், மூன்று சொற்களுக்கும் நடுவே இடைக்கோடு போட்டு எழுதுங்கள். அங்கே முன்பே வேறு சொல் இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். பின்னப் பெருக்க அளவு (ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங்) வைத்திருப்பவர்களுக்கு அதற்கான சொல்லும் அதே இடத்தில்தான் இருக்கும். லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். இப்போது செட்டிங்ஸில் டிஸ்பிளே பக்கம், ரிஃப்ரெஷ் ரேட் என்ற வரிக்குள் ஒரு ஸ்விட்ச் தெரியும்.

ஸ்வே என்ற சாளர மேலாளரைப் பயன்படுத்துபவர்களுக்கு 1.5 பதிப்பிலிருந்து கட்டமைப்புக் கோப்பின் அவுட்புட் வரியில் ஒரு சிறு கட்டளை சேர்த்தால் போதும்; அவர்களுக்கு அதன் கையேடே தோழன்.

ஸ்விட்சைப் போட்டதும் இன்னொன்றை மறக்காதீர்கள்: அதே பக்கத்தில் ரிஃப்ரெஷ் ரேட் 144இல் இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் 60இலேயே நிற்கும். அடாப்டிவ் சிங்க்கின் மேல் எல்லை நீங்கள் தேர்ந்தெடுத்த வேகத்தைத் தாண்டாது. 48 முதல் 144 வரை போகக்கூடிய மானிட்டரை 60இல் வைத்தால் வீச்சு 48 முதல் 60 ஆகச் சுருங்கிவிடும். வசதி ஆன் ஆகியிருக்கும், பலன் கண்ணில் படாது.

ஏதாவது தவறிப்போய் திரை கறுத்தே நின்றால் பதற வேண்டாம். மானிட்டர் மெனு கணினியை நம்பி இல்லை. அதில் போய் ஃப்ரீசிங்க்கை அணையுங்கள். கணினி பழைய குறிப்பைப் படித்துப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

படி 5: ஓடுகிறதா என்று உறுதி செய்வது

பல மானிட்டர்களில் இப்போதைய ரிஃப்ரெஷ் ரேட்டைத் திரை மூலையில் காட்டும் வசதி உண்டு. அதை ஆன் செய்துவிட்டுக் கேமைத் திறங்கள். கேம் நொடிக்கு 70 ஃப்ரேம் (படம்) என்று ஓடும்போது எண்ணும் 70ஐ ஒட்டி ஆடினால் வேலை முடிந்தது. 144 என்றே உறைந்து நின்றால் ஓடவில்லை. ஒரு எச்சரிக்கை: மெனுவின் தகவல் பக்கத்தில் இருக்கும் எண் சில மானிட்டர்களில் மாறவே மாறாது, அது நீங்கள் தேர்ந்தெடுத்த வேகத்தை மட்டும் சொல்லுவது. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எண் காட்டாத மானிட்டர் என்றால் 'விஆர்ஆர்டெஸ்ட்' என்ற சிறு திறந்த மூலச் செயலி இருக்கிறது. திரையில் கோடுகள் நகரும், ஃப்ரேம் வீதத்தை நாமே ஏற்றி இறக்கலாம். 90இல் வையுங்கள். கோடு கிழியாமல், திக்காமல் போனால் அடாப்டிவ் சிங்க் ஓடுகிறது. அணைத்துவிட்டு அதே 90இல் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பல்சக்கரம் சுற்றும் பழைய கிளக்ஸ்கியர்ஸை வைத்துச் சோதிக்காதீர்கள். அது மானிட்டரின் உச்ச வேகத்திலேயே ஓடும், எதையும் சொல்லாது.

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால், ஏஎம்டியிலும் இன்டெலிலும் கெர்னலே வீச்சை எழுதி வைத்திருக்கும். ரூட் அனுமதியோடு சிஸ், கெர்னல், டீபக், டிஆர்ஐ என்ற கோப்பகங்களுக்குள் போய், கார்டின் எண், அப்புறம் உங்கள் துளையின் பெயர் என்று உள்ளே நுழைந்தால் 'விஆர்ஆர் ரேஞ்ச்' என்ற கோப்பு கிடைக்கும். அதில் குறைந்தது 48, அதிகம் 144 என்பது போல இரண்டே எண்கள். அந்த இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது எல்லாம் அந்த எண்களைப் பற்றித்தான்.

ஓடுகிறது, ஆனாலும் திக்குகிறது

கேம் வீச்சுக்குள் இருக்கும் வரை எல்லாம் வழுவழுப்பு. மேலே போனாலும் கீழே போனாலும்தான் சிக்கல்.

மேலே: கேம் 144ஐத் தொட்டுவிட்டால் மானிட்டரால் அதற்கு மேல் வேகமாகப் போக முடியாது. அங்கே பழைய கதை திரும்பும். விசிங்க், அதாவது மானிட்டரின் அடுத்த புதுப்பிப்புக்காகப் படத்தைக் காக்க வைக்கும் கேம் செட்டிங், அணைந்திருந்தால் கிழிசல், எரிந்திருந்தால் மவுஸ் அசைவு திரைக்கு வரத் தாமதம். மருந்து, ஃப்ரேம் வீதத்துக்கு உச்சத்தைவிடக் கொஞ்சம் கீழே ஒரு வேலி போடுவது. 144க்கு 138 அல்லது 141, 75க்கு 72. பல கேம்களின் செட்டிங்ஸிலேயே இந்த வேலி இருக்கும். இல்லாவிட்டால் ஃப்ரேம் வீதத்தைக் காட்டவும் கட்டுப்படுத்தவும் உதவும் மாங்கோஹட் என்ற செயலி. எல்லா முக்கிய லினக்ஸ் களஞ்சியங்களிலும் கிடைக்கும். ஜிஓவர்லே என்ற செயலி வழியாக மவுஸாலேயே அமைக்கலாம். ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் முதலில் மாங்கோஹட், ஓர் இடைவெளி, பிறகு இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே கமாண்ட் என்ற சொல். இதுவும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். வேலி போட்டபின் கேமின் விசிங்க்கை எரிய விடுவது நல்லது. தப்பித் தவறி ஃப்ரேம் வேலியைத் தாண்டினாலும் கிழியாது.

கீழே: 48க்குக் குறைந்து 40 ஃப்ரேம் என்று ஆனால்? டிரைவர் ஒரு தந்திரம் செய்யும். ஒரே ஃப்ரேமை இரண்டு முறை அனுப்பி மானிட்டரை 80இல் ஓட்டும். 80 வீச்சுக்குள் இருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் இது நடக்க வீச்சின் உச்சம் அதன் அடி எல்லையைப்போலக் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 48–144 வீச்சில் தாராளமாக இடம் இருக்கிறது. 48–75 வீச்சில்? 40ஐ இரட்டித்தால் 80. அது 75க்கு வெளியே. இந்தத் தந்திரம் அங்கே நடக்காது. விலை குறைந்த 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள், 48க்குக் கீழே போனதும் ஏன் திக்குகிறது என்று செட்டிங்ஸைப் புரட்டிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். செட்டிங்ஸில் விடை கிடையாது. கேமின் நிழல், தெளிவு முதலியவற்றைக் குறைத்து எப்போதும் 50க்கு மேலே ஓடும்படி வைப்பதே வழி.

வீச்சுக்குள் இருந்தும் அவ்வப்போது ஒரு குலுக்கல் வந்தால் மாங்கோஹட்டின் ஃப்ரேம் நேர வரைகோட்டைப் பாருங்கள். குலுக்கும்போதெல்லாம் கோடு ஊசி போல மேலே குத்தினால், அந்த ஃப்ரேமே தாமதமாகத்தான் வரையப்பட்டது. ஷேடர் எனும் கார்டுக்கான சிறு நிரல்களைக் கேம் ஓடும்போதே தயாரிப்பது, நினைவகக் குறைவு, மெதுவான வட்டு என்று காரணம் வேறு. அடாப்டிவ் சிங்க் தாமதமான படத்தைச் சீக்கிரம் வரைந்துவிடாது.

மினுக்கல்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல மானிட்டரைக் கோளாறு என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மானிட்டரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே தன் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இடைவெளி நீண்டால் அது துளி மாறும். ஒளியும் துளி மாறும். மாறாத வேகத்தில் ஓடும்போது எல்லா இடைவெளியும் ஒன்றுதான், அதனால் கண்ணுக்குத் தெரியாது. அடாப்டிவ் சிங்க்கில் ஒரு இடைவெளி 7 மில்லிநொடி, அடுத்தது 20 என்று தாவினால், ஒளியும் கூடவே தாவும். அதுதான் மினுக்கல். திரைப் பேனல் வகைகளில் விஏயில் இது மிக அதிகம், ஓலெட்டிலும் உண்டு, ஐபிஎஸ்ஸில் குறைவு. அதிலும் அடர் சாம்பல் நிறங்களில்தான் பளிச்சென்று தெரியும். இருட்டுக் குகை, இரவுக் காட்சி, கறுப்புப் பின்னணி மெனு.

மோசமான நிலை எது தெரியுமா? கேம் சரியாக அடி எல்லையில் ஊசலாடும்போது. 48–144 மானிட்டரில் கேம் 49, 47, 49, 47 என்று ஓடுகிறது என்று வையுங்கள். 49இல் மானிட்டர் 49 ஹெர்ட்ஸ். 47இல் டிரைவர் இரட்டித்து 94 ஹெர்ட்ஸ். நொடிக்குப் பல முறை 49க்கும் 94க்கும் நடுவே பந்து போலத் துள்ளும். திரை மினுக்காமல் என்ன செய்யும்?

லோடிங் திரையில் மினுக்குவதும் இதே காரணம்தான். அந்த நேரத்தில் ஃப்ரேம் வீதம் கண்டபடி ஏறி இறங்கும். சில நொடியில் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள், அதனால் மானிட்டருக்குக் கேடு இல்லை.

கேமுக்குள் மினுக்கினால் நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் ஃப்ரேம் வீதத்தை நிலைப்படுத்துவேன். 60க்கும் 130க்கும் நடுவே அலையும் கேமுக்கு 80இல் வேலி போட்டால் இடைவெளிகள் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். பாதிப் பேருக்கு இத்தோடு தீர்ந்துவிடும். எண் குறைகிறதே என்று மனம் கேட்காது. ஆனால் அலையும் 130ஐவிட நிலையான 80 கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, அடி எல்லையிலிருந்து கேமை விலக்குவேன். 48ஐ ஒட்டி ஓடினால் கேமின் காட்சித் தரத்தைக் குறைத்து 60க்கு மேலே தூக்கிவிடுவேன். மூன்றாவது, மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க்குக்கு இரண்டு நிலைகள் இருந்தால் குறுகிய வீச்சுள்ளதைத் தேர்ந்தெடுப்பேன். நான்காவது, டெஸ்க்டாப் செட்டிங்ஸில் 144ஐ 120 ஆக்குவேன். துள்ளும் தூரம் குறையும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு: மானிட்டரின் ஈடிஐடி குறிப்பைத் திருத்தி அடி எல்லையை உயர்த்தி, பூட் ஆகும்போது அதைக் கெர்னலுக்குக் கொடுப்பது. முடியும், நன்றாக வேலையும் செய்யும். ஆனால் திருத்தியது தவறினால் திரையே வராமல் போகலாம். பூட் மெனுவில் கெர்னல் வரியைத் திருத்தத் தெரிந்தபின் செய்யுங்கள்.

இவை எதற்கும் அடங்காமல் ஒரு குறிப்பிட்ட கேமில் மட்டும் மினுக்கினால் அந்தக் கேமுக்கு வசதியை அணைத்துவிட்டு விளையாடலாம். அதில் குறை எதுவும் இல்லை.

அசையும் பொருளுக்குப் பின்னால் வெளிர் நிழல் ஓடுவது மினுக்கல் அல்ல. அது, புள்ளிகளை வேகமாக நிறம் மாற வைக்கும் மானிட்டரின் ஓவர்டிரைவ் வசதியால் வருவது. வேகம் குறையும்போது அதன் அளவு மிகையாகிவிடும். மெனுவில் ஒரு படி குறைத்தால் போதும்.

டெஸ்க்டாப்பில் மவுஸ் தத்தளித்தால்

கேடிஈயில் ஆல்வேஸ் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இங்கே. டெஸ்க்டாப்பில் பெரும்பாலான நேரம் எதுவும் அசைவதில்லை. கர்சர் ஒளிரும், ஏதோ ஒரு விளம்பரம் நகரும். ஆல்வேஸில் இருந்தால் மானிட்டர் அதற்கேற்ப அடி எல்லைக்கு இறங்கிவிடும். நீங்கள் மவுஸைத் தொட்டதும் உச்சத்துக்குத் தாவும். விட்டதும் இறங்கும். மவுஸ் தத்தளிப்பது போலவும் வெள்ளைப் பக்கம் மினுக்குவது போலவும் தெரியும். ஆட்டோமேட்டிக்குக்கு மாறினால் நின்றுவிடும்.

கேமைச் சாளரத்தில் வைத்து ஓட்டுபவர்கள் இதன் மறுபக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் முழுத்திரை இல்லாத கேமுக்கு வசதி கிடைக்காது. ஓரமில்லா முழுத்திரை என்றால் வேலேண்டில் அதுவே போதும்.

இரண்டு மானிட்டர், மடிக்கணினி

வேலேண்டில் ஒவ்வொரு மானிட்டரும் தனித்தனி வேகத்தில் ஓடும். ஒன்று 60, ஒன்று 144 என்றாலும் பரவாயில்லை. என்விடியாவின் பழைய டிரைவர்களில் மட்டும் இரண்டாவது மானிட்டர் மாட்டியதும் வசதி மறைந்துவிடும். ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். திரும்ப வந்தால் டிரைவரைப் புதுப்பிப்பதே விடை.

இரண்டு கிராஃபிக்ஸ் சில்லு உள்ள மடிக்கணினியில், வெளி மானிட்டர் மாட்டும் துளை எந்தச் சில்லோடு சேர்ந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். எச்டிஎம்ஐ ஒன்றோடும் டைப்-சி இன்னொன்றோடும் இருக்கலாம். ஒன்றில் வரவில்லை என்றால் மற்றதில் மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் செட்டிங்ஸுக்கு வாருங்கள்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால்

வேறொரு லினக்ஸின் புதிய பதிப்பைப் பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே பூட் செய்யுங்கள். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு ஃபெடோராவின் கேடிஈ பதிப்பு இதற்கு ஏற்றது. அங்கே டிஸ்பிளே பக்கத்தில் அடாப்டிவ் சிங்க் வரி தெரிந்தால் உங்கள் மானிட்டரும் கேபிளும் சரி, உங்கள் நிறுவலில்தான் சிக்கல். அங்கேயும் தெரியாவிட்டால் பொருளில்தான் சிக்கல். பத்து நிமிட வேலை, பல மணி நேர அலைச்சலைக் குறைக்கும்.

வழு அறிக்கை எழுதும் நிலை வந்தால், அதைப் படிப்பவர் கேட்கப்போவது இவற்றைத்தான்: மானிட்டர் மாடல், துளையின் வகை, கார்டு, கெர்னல் பதிப்பு, மெசா (ஏஎம்டி, இன்டெலுக்கான திறந்த மூல கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) அல்லது என்விடியா டிரைவர் பதிப்பு, டெஸ்க்டாப் பதிப்பு, வேலேண்டா எக்ஸ்11ஆ, 'விஆர்ஆர் ரேஞ்ச்' கோப்பில் இருந்த இரண்டு எண்கள், எந்தக் கேமில் எத்தனை ஃப்ரேமில் நடக்கிறது. மினுக்கலைத் திரைப்பதிவு செய்து அனுப்பாதீர்கள். திரைப்பதிவு கார்டு வரைந்த படத்தை எடுக்கும். மினுக்குவது பேனல், அது பதிவில் வராது. கைபேசியால் மானிட்டரைப் படம்பிடித்து அனுப்புங்கள்.